சீப்பில் உருட்டிய மாவு

சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி ஒரு விளம்பரத் தாளைக் கைபேசியில் அனுப்பியிருந்தாள். இத்தாலியின் எமிலியா-ரொமாக்னா வட்டாரத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீடு. அங்கே ஒரு வாரம் தங்கி, அந்த ஊர்ப் பெண்களிடமே மாவு பிசையவும் தேய்க்கவும் வெட்டவும் பழகலாம். மாலையில் தாம் சமைத்ததைத் தாமே உண்ணலாம். "மேடம், ரெண்டு பேரும் போலாமா? நீங்க கவிதை எழுதுங்க, நான் சமைக்கக் கத்துக்கறேன்" என்று கீழே எழுதியிருந்தாள். விமானச் செலவு இல்லாமலேயே கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. போக முடியாது என்று அப்போதே தெரியும். ஆனாலும் அந்தத் தாளில் இருந்த ஒரு படத்தைவிட்டு என் கண் நகரவில்லை.

வயதான ஒரு பெண்ணின் கைகள். மெல்லிய சதுர மாவுத் துண்டு ஒன்றைச் சிறு குச்சியில் சுற்றி, மரச்சட்டத்தில் பொருத்திய சீப்பின் மேல் அழுத்தி உருட்டுகின்றன. சீப்பின் பற்கள் மாவில் வரிவரியாகப் பதிகின்றன. கார்கனெல்லி என்று பெயர். அந்தக் காலத்தில் நெசவுத் தறியின் சீப்பைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள் என்பார்கள். அந்த வேலையை நான் என் ஒன்பதாவது வயதில், போத்தனூர் ரயில்வே குடியிருப்பில், ஒரு பிளாஸ்டிக் தலைசீப்பை வைத்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

போத்தனூர் ரயிலால் உண்டான ஊர். 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர்க் கடற்கரைக்குப் போகும் பாதை இவ்வழியே நிறைவடைந்தது. கோயம்புத்தூரையும் மேட்டுப்பாளையத்தையும் இணைக்கும் கிளைப்பாதை 1873இல்தான் வந்தது. அதுவரை கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில்தான் இறங்க வேண்டும். ரயிலோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. என் சிறு வயதில் அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டிருந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டு ஆன்ட்டி மட்டும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் குடியிருப்புப் பிள்ளைகளையெல்லாம் திண்ணையில் உட்காரவைத்து, கோலிக்குண்டு அளவு மாவு உருண்டைகளைக் கொடுப்பார். சிலருக்கு முள்கரண்டி, சிலருக்குப் புதுச் சீப்பு. அதன் மேல் மாவை அழுத்தித் தேய்த்துச் சுருட்டினால் சங்குபோல் வரும். எண்ணெயில் பொரித்துச் சீனிப்பாகில் புரட்டினால் கல்கல்.

என் வாழ்வில் நான் படித்த முதல் சமையல் வகுப்பு அது. நெடுங்காலம் அதுவே கடைசி வகுப்பும்கூட. எங்கள் வீட்டு அடுக்களைக்குள் அம்மா என்னை விடவில்லை. வாசற்படியில் போய் நின்றாலே, "அடுப்பு எங்கியும் போயிராது கண்ணு. நீ போயிப் படி" என்பாள். எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் அவள். தன்னைப் பிடித்து வைத்த இடத்தில் மகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவளுடைய பெண்ணியம். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. நான் முனைவர் பட்டம் வாங்கினேன். சந்தகை பிழியத் தெரியாமலே நாற்பதைக் கடந்தேன்.

விளம்பரத் தாளுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு வீடு ஏன் காலியாகிறது என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். இத்தாலியப் பண்ணை வீடுகளுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. நடு இத்தாலியில் பல நூற்றாண்டுகள் நிலவியது மெட்ஸாத்ரியா என்ற வார முறை. நிலமும் வீடும் உடையவருக்குச் சொந்தம். உழுகிற குடும்பம் விளைச்சலில் பாதியை அவருக்கு அளக்க வேண்டும். அதோடு முடியவில்லை. பல ஒப்பந்தங்களில் வீட்டுப் பெண்கள் வளர்த்த கோழியும் முட்டையும் பண்டிகைக்குப் பண்டிகை உடையவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. உழவனின் மனைவி வயலிலும் நின்றாள், பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு மாவும் பிசைந்தாள். இன்று உலகமே வியக்கும் 'ஏழைகளின் சமையல்' அவள் வேறு வழியில்லாமல் கண்டுபிடித்தது. காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் காய்கறிக் குழம்பில் ஊறவைத்தாள். இறைச்சி இல்லாத நாளில் பருப்பையும் கீரையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டாள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் குடும்பங்கள் நிலத்தைவிட்டு நகரத் தொழிற்சாலைகளுக்குப் போயின. இளம் பெண்கள் உழவனைக் கட்டிக்கொள்ள மறுத்தார்கள் என்பதும் அந்த வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. காலியான கல் வீடுகளை நகரத்தவரும் வெளிநாட்டினரும் வாங்கினார்கள். 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. எந்த அடுக்களையிலிருந்து பெண்கள் தப்பி ஓடினார்களோ, அதே அடுக்களைக்குள் ஒரு வாரம் நிற்க இப்போது உலகெங்கிலுமிருந்து பெண்கள் பணம் கட்டி வருகிறார்கள்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பணம் கட்டி நுழைகிறவளால் ஏழாம் நாள் வெளியே வர முடியும். அதுதான் பெரிய வேறுபாடு. அதே சமயம், சொல்லித்தருகிற பெண்ணுக்கும் ஒன்று நடக்கிறது. அவள் பாட்டி சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு அவளுக்குக் கூலி கிடைக்கிறது, ஆசிரியை என்ற பெயரும் கிடைக்கிறது.

பெயர் என்பது சிறிய விஷயமல்ல. இத்தாலிய வீட்டுச் சமையலின் மூலநூல் என்று போற்றப்படுவது பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்ற வணிகர் 1891இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட நூல். வாழ்நாள் முழுக்கத் திருத்திப் பெருக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதில் 790 சமையல் குறிப்புகள் சேர்ந்திருந்தன. அந்தக் குறிப்புகளை அடுப்பில் வைத்துச் சோதித்தவர்கள் அவர் வீட்டுச் சமையல்காரர்களான மரியெத்தா சபத்தீனியும் பிரான்செஸ்கோ ரூஃபில்லியும். அர்த்தூசி ஒரு பனெத்தோனே ரொட்டிக்கு மரியெத்தாவின் பெயரை வைத்தார். 1911இல் அவர் இறந்தபோது நூலின் உரிமையை இருவருக்கும் எழுதி வைத்திருந்தார். அவர் பிறந்த ஃபோர்லிம்போபோலி ஊரில் 2007இல் 'காசா அர்த்தூசி' என்ற சமையல் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. வருகிறவர்களுக்கு அங்கே மாவு தேய்க்கக் கற்றுத்தரும் பெண்களுக்கு 'மரியெத்தாக்கள்' என்று பெயர். அட்டையில் இல்லாத ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயர் நூறாண்டு கழித்து ஒரு பட்டமாகியிருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தக் கதை எப்படி நடந்தது? வகுப்பில் குறுந்தொகையின் 167ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் வரும். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் தொடங்கிய பெண் சமைக்கிறாள். தயிர் பிசைந்த விரலும் அழுக்கான ஆடையும் புகை படிந்த கண்ணுமாக நிற்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் மலர்கிறது. அழகான பாட்டு என்றே எனக்கும் கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அவ சாப்ட்டாளா மேடம்?" என்று கேட்டாள். பாட்டில் அதற்கு விடை இல்லை.

கைப்பக்குவத்தைப் பெண்ணே எழுதி, தன் பெயரையே அட்டையில் போட்டுக்கொள்வது தமிழில் எளிதாக நடந்துவிடவில்லை. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். இளவயதில் கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் கடிதம் எழுதிக் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்ததால் பிறந்த நூல் அது. கைம்பெண் என்று ஒதுக்கி வைக்கக்கூடிய ஒரு சமூகத்தில், தன் அறிவை அச்சிட்டு விற்று வாழ முடியும் என்று அவர் காட்டினார். அதே பத்தாண்டில் எங்கள் கோயம்புத்தூரிலும் இரண்டு காரியங்கள் நடந்தன. 1955இல் பி. சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் தேய்ந்த கைகளுக்கு ஓய்வு வந்தது. 1957இல் பெண்களுக்கென அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ், அடுக்களையை ஆய்வுக்கூடமாகவும் உணவை அறிவியலாகவும் மாற்றி, பள்ளிப் பிள்ளைகளின் தட்டு வரை கொண்டுபோனவர். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாவின் பதத்தை விரலால் தொட்டுச் சொல்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு குறியீடு எங்கும் இல்லை.

சமையல் விடுமுறையும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் 1999இல் தொடங்கிய 'தி பங்களா' விடுதிக்குச் செட்டிநாட்டுச் சமையலைக் கற்கவென்றே வெளிநாட்டினர் வருகிறார்கள். கொங்குச் சமையலுக்கும் இப்போது மவுசு கூடுகிறது. அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், கம்மஞ்சோறு எல்லாம் நட்சத்திர ஓட்டல் பட்டியல்களில் ஏறிவிட்டன. நாளை பொள்ளாச்சித் தோட்டத்து வீடு ஒன்றில் ஒரு வாரச் சமையல் வகுப்பு நடந்தால் வியக்க மாட்டேன். நடக்கட்டும். ஆனால் அந்த வகுப்பில் ஆசிரியையாக நிற்கப்போவது யார்?

இதைக் கேட்கும்போது என் அம்மிச்சியின் தோட்டத்து வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. கம்பை உரலில் குத்தியது என் அம்மிச்சி அல்ல. சந்தகைக்கான அரிசியைப் புடைத்துக் கொடுத்ததும் அவள் அல்ல. மாதாரி வளவிலிருந்து வந்த ஒரு பெண் அதைச் செய்தாள். குத்திய கம்பு உள்ளே போகலாம், குத்தியவள் வாசற்படி ஏறக் கூடாது. அவளுக்கான சோறு மாட்டுச்சாளைக்குப் பக்கத்தில், அவளே கொண்டுவந்த பாத்திரத்தில் ஊற்றப்பட்டது. ஆன்ட்டி வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த கல்கல் டப்பாவையும், அம்மிச்சி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா பரணில் ஏற்றிவிடுவாள். அப்போது சிரித்தேன். இரண்டும் ஒரே விதிதான் என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த விதி பழங்கதையாகவில்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், ஏழைப் பெண்கள் பலருக்குச் சமையலைச் சம்பளமுள்ள அரசு வேலையாக்கியது. 2018இல் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் திரண்டு தடுத்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. போத்தனூரிலிருந்து அது நெடுந்தூரமில்லை. 'கொங்குக் கைமணம்' என்று மேடையில் பேசுகிற எவரும் அந்தப் பள்ளிக்கூட அடுப்பைத் தாண்டிப் போக முடியாது. யாருடைய கை மணக்கும், யாருடைய கை தீட்டு என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் நாம் மணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாணவிக்கு நான் வரவில்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் படம் ஒரு வேலை செய்தது. கோடை விடுமுறையில் அம்மாவிடம் போய், "சந்தகை சொல்லிக்குடும்மா" என்றேன். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிவிட்டன. திருகுப்பிடியைச் சுற்ற முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயால் சொன்னாள், நான் செய்தேன். புழுங்கலரிசியை ஊறவைத்து, நைஸாக ஆட்டி, புளிக்கவிடாமல் இட்லித் தட்டில் வேகவைக்க வேண்டும். ஆவி அடங்குமுன் மெஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் திருக வராது. கை சுட்டது. நூல் நடுவிலேயே அறுந்தது. இத்தாலியில் வெனெட்டோ பக்கத்தில் பிகோலி என்றொரு பாஸ்தாவை இப்படித்தான் ஒரு கருவியில் அழுத்திப் பிழிகிறார்கள் என்று சொன்னேன். "அங்கியும் பொம்பளைங்கதான் பிழியறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவது ஈடு நன்றாக வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி, எள்ளுப்பொடி தூவி அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன். அவள் முதலில் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா வரட்டும் என்பதுபோல் வாசலைப் பார்த்தாள். அப்பா இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன. பிறகு சாப்பிட்டாள்.

அன்றிரவு செய்முறையை ஒரு நோட்டில் எழுதினேன். தலைப்பில் அம்மாவின் பெயரை எழுதினேன். அடுத்த வரியில், அரிசி புடைத்துக் கொடுத்தவர் பெயர் என்று எழுதிவிட்டு அம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள். "அம்மிச்சி அவளை ஏ புள்ளேன்னுதான் கூப்புடுவா. பேரு கேட்டதே இல்லியே சாமி" என்றாள். மரியெத்தாவின் ஊரும் பெயரும் எனக்குத் தெரியும். எங்கள் வாசலில் நாற்பதாண்டு உழைத்தவளின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வரியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் அடுத்த முறை போகும்போது அந்த வளவில் விசாரிக்க வேண்டும். அவருடைய பேத்திகள் இருப்பார்கள். என்னைவிட நன்றாகப் படித்திருக்கவும் கூடும். ஏன் இத்தனை காலம் கேட்கவில்லை என்று அவர்கள் கேட்டால் சொல்ல, என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை.