ஏரி வாரியமும் செங்காங் ஆறுகளும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, குடவோலைத் தேர்தலின் பொருட்டுப் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆயின் அவ்வோலைகள் எதற்காகக் குடத்தில் இடப்பட்டன என்பதை அன்பர்கள் பலர் கருதிப் பார்ப்பதில்லை. தெரிவானோருள் அறுவர் ஏரி வாரியத்திற்கு உரியவர். ஊரின் நீர்நிலையைப் பேணுவதே அவர்தம் கடமை. பதவிக்காலம் ஓராண்டே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவர் என விதி வகுத்திருந்தனர். அக்காலத்து ஊரார் எத்துணைக் கண்டிப்புடையவர் என்பது இதனால் விளங்கும்.

சிங்கப்பூருக்கு வந்த தமிழர் கோயில்களை எழுப்பினர். ஏரிகளை அமைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. எனினும் இந்தியர்தம் தொழில்கள் சில நீரையொட்டியே வளர்ந்தன. பிராஸ் பாசா ஓடையில் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்தமையால் தோபி காட் என்னும் பெயர் நிலைத்தது. ரோச்சோர் ஆற்றையடுத்த தாழ்நிலத்தில் நீரும் புல்லும் கிடைத்தமையால் சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டுக் கொட்டில்கள் பெருகின. பஃபலோ ரோடு, கண்டாங் கெர்பாவ் ஆகிய பெயர்கள் இன்றும் அதனை நினைவூட்டுகின்றன. நீர் வாழ்வளித்தது, வாழ்ந்தோரால் அந்நீரே மாசுற்றது.

செங்காங் வட்டாரத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. பொங்கோல் ஆறு, சிராங்கூன் ஆறு என இரண்டையும் ஒட்டி அமைந்தது இவ்வூர். சிராங்கூன் ஆற்றங்கரையில் காங்கார் என்னும் மீனவர் சிற்றூர் இருந்தது. வடக்கே பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்தன. 1970களில் கிராஞ்சி நீர்த்தேக்கத்தைத் தூய்மையாகக் காக்கும் பொருட்டு, அங்கிருந்த பண்ணையாளர் பலர் பொங்கோலுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் 1984இல், பன்றி வளர்ப்பையே நாட்டிலிருந்து படிப்படியாக அகற்ற அரசு முடிவு செய்தது. நீருக்காக ஒருமுறை இடம்பெயர்ந்தவர்கள் மறுமுறை தொழிலையே இழந்தனர். இன்று ஆற்றோரம் உலவுவோருள் அவர்களை நினைப்பவர் மிகச் சிலரே.

1977 பிப்ரவரி 27ஆம் நாள், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டுகளுள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் எனப் பிரதமர் லீ குவான் இயூ அறிவித்தார். ரோச்சோர் ஆறும் அத்திட்டத்துள் அடங்கியது. 1987இல் பணி நிறைவுற்றது.

செங்காங்கிற்கு அம்முறை வரச் சற்றுக் காலம் பிடித்தது. சிராங்கூன் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள லோரோங் ஹாலுஸ் 1970 முதல் 1999 வரை நாட்டின் குப்பைமேடாக இருந்தது. அக்குப்பையினூடே ஊறும் கழிவுநீர் ஆற்றிற் கலவாதபடி தடுக்கப்பெற்று, நாணற் படுகைகளில் தூய்மையாக்கப்படுகிறது. இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களும் அணையிடப்பட்டு, 2011இல் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள் திறக்கப்பட்டன. அவை நாட்டின் 16ஆவது, 17ஆவது நீர்த்தேக்கங்கள். பொங்கோல் நீர்த்தேக்கத்தில், ஆங்கர்வேல் சமூக மன்றத்திற்கும் செங்காங் ஆற்றோரப் பூங்காவிற்கும் இடையே, 2010 முதல் மிதக்கும் ஈரநிலம் ஒன்றும் உள்ளது. அதன் செடிகளின் வேர்கள் நீரிலுள்ள மாசினை உறிஞ்சிக் கொள்கின்றன.

இங்கு ஒரு நுட்பத்தை அறிதல் நன்று. சமையலறை, குளியலறை நீர் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. திறந்தவெளி வடிகாலோ மழைநீருக்கு மட்டுமே உரியது. அது நீர்த்தேக்கத்திற்கே செல்கிறது. ஆதலின் பூசைக்குப் பின் வடிகாலில் இடப்படும் வாடிய மலரும், விளக்கில் எஞ்சிய எண்ணெயும் குடிநீர்த் தேக்கத்தையே சேரும்.

இந்நீரைக் காக்க அரசு மட்டும் முயலவில்லை. 1998இல் தோன்றிய 'வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி' என்னும் தொண்டூழியர் அமைப்பினர், படகிலும் மிதிவண்டியிலும் சென்று நீர்வழிகளிற் குப்பை அகற்றி வருகின்றனர். உத்திரமேரூரில் வாரியத்திற்கு வருவோர் வயது முப்பத்தைந்துக்கு மேற்பட்டவராயும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவராயும் இருத்தல் வேண்டும். இங்கோ அடுக்குமாடி வீட்டிலிருந்து வரும் பள்ளி மாணவரும் இடுக்கியும் பையும் ஏந்தி அப்பணியிற் சேர்ந்து கொள்கின்றனர்.