கை இழந்த இளவரசி

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காக 1586இல் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ நூலோ 600 பக்கங்களைத் தாண்டியது. மறையின் அடிப்படைகளைச் சொல்லப் பதினாறு பக்கம் போதுமாயிருந்தது. புனிதர்களின் கதைகளைச் சொல்ல அது போதவில்லை. அக்கடற்கரையில் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் வாழ்ந்துவிட்ட அந்த இயேசு சபைத் துறவி, தம் மக்கள் எதைக் கேட்டு எதை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள் என்பதை நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்கிறேன்.

பின்வந்த வீரமாமுனிவரும் இதை அறிந்தவரே. கற்றோர்க்குத் தேம்பாவணி பாடிய அவர், பாமரரும் பாடிக் கேட்கும்படி கித்தேரியம்மாள் அம்மானையை இயற்றினார். அந்த வழியில்தான் அம்மானைகளும் நாடகங்களும் நம் ஊர்களில் பெருகின. எஸ்தாக்கியார் நாடகம் விடிய விடிய நடந்த ஊர்கள் உண்டு. அவற்றுள் ஞானசௌந்தரியின் கதையைப் போல் தமிழ் மண்ணில் பரவியது வேறொன்றும் இல்லை எனலாம்.

கதை வாசகர்கள் அறிந்ததே. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டில் கைகள் வெட்டப்பட்ட இளவரசி, பிலேந்திரன் என்னும் இளவரசனை மணக்கிறாள். அவன் போருக்குச் சென்ற வேளையில் பொய்க் கடிதம் ஒன்றால் பச்சிளங் குழந்தைகளோடு மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். தேவமாதா அவளுக்குக் கைகளைத் திரும்பத் தருகிறார். இக்கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார். 1935இல் அது திரைப்படமாயிற்று. 1948இல் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் போட்டியிட்டு அதைப் படமாக்கின. வென்றது சிட்டாடல் படமே. கிறிஸ்தவரல்லாத தமிழரும் மாதாவை நோக்கிய அப்படத்துப் பாடலை முணுமுணுத்தார்கள். எத்தனை மறையுரைகள் அந்த அளவுக்கு ஊர் சுற்றியிருக்கும் என்று ஒரு குருவானவன் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆனால் ஞானசௌந்தரி என்றொரு புனிதை திருச்சபையின் நாட்காட்டியில் இல்லை. அவள் கதை ஐரோப்பிய நாட்டார் வழக்கிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பிலிப் தெ ரெமி என்ற பிரெஞ்சுக் கவிஞர் இதையொத்த கதையைப் பாடினார். அதில் இளவரசி, தகாத திருமணத்திலிருந்து தப்பத் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள். 1812இல் கிரிம் சகோதரர்கள் தொகுத்த செருமானியக் கதைகளிலோ, அலகைக்கு அஞ்சித் தந்தையே மகளின் கைகளை வெட்டுகிறான். மாதா கையை மீட்டுத் தரும் செய்தியும் பழையதே. எட்டாம் நூற்றாண்டுப் புனிதரான தமஸ்கு நகர யோவானின் வெட்டுண்ட கையை அன்னை பொருத்தினார் என்று கீழைத் திருச்சபையில் ஒரு மரபுக் கதை வழங்குகிறது.

வரலாறு இப்படியிருக்க, மக்களிடம் இதை எவ்வாறு சொல்வது? ஒண்டிக்கடையிலிருந்து பிரியும் தோட்டச் சாலை ஒன்றில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, ஞானசௌந்தரி என்றே திருமுழுக்குப் பெயர் பெற்ற மூதாட்டி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: “ஏன் சாமி, ஞானசௌந்தரின்னு ஒரு அர்ச்சிஷ்டவளே இல்லையாமே? மறைக்கல்விக்குப் போன பேத்தி சொல்லுது.” எழுபது ஆண்டுகள் சுமந்த பெயர். பேத்தி பொய் சொல்லவில்லை. பாட்டியின் கண்ணீரும் பொய்யன்று.

“அப்படி ஒரு புனிதை இல்லை பாட்டி. ஆனால் அந்தக் கதையில் வருகிற மாதா இருக்கிறார்” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “கையைக் கொடுத்தது அவங்கதானே” என்றார்.

நாத்தான் இறைவாக்கினர் தாவீதின் முன் நின்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னார். அப்படியோர் ஏழை எந்த ஊரிலும் இருக்கவில்லை. தாவீதோ சினந்து எழுந்தான். தன் பாவத்தைக் கண்டுகொண்டான். நல்ல சமாரியர் இன்னார் என்று எரிகோ சாலையில் யாரும் தேடிப் போனதில்லை. கதையைக் கதையென்றே சொல்லலாம்; அதற்காக அது வலுவிழந்துவிடாது. நிகழ்ந்த வரலாறு என்று சாதித்தால்தான் சிக்கல்: ஒரு நாள் பேத்தி படித்து வருவாள், கதையோடு சேர்ந்து மாதாவையும் ஐயுறுவாள்.

எனக்கு இக்கதையில் உள்ள மனக்குறை வேறு. இதைப் பெண்களின் பொறுமைக்குப் பாடமாகவே நாம் மேடையிலும் பீடத்திலும் சொல்லி வந்திருக்கிறோம். கை வெட்டப்பட்டாலும் வாய் திறவாதே என்பதா அதன் பொருள்? கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணுக்கு ஞானசௌந்தரியை எடுத்துக்காட்டும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கதையின் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மாதா அவளுக்குப் பொறுமையைத் தந்துவிட்டுப் போகவில்லை, கைகளைத் தந்தார்.

ஐரோப்பிய வழக்குகள் சிலவற்றில் ஒரு காட்சி உண்டு. கையற்ற தாய் தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். முதுகில் கட்டியிருந்த குழந்தை நழுவி நீரில் விழுகிறது. அவள் மொட்டைத் தோள்களை நீட்டுகிறாள்; நீட்டிய அக்கணத்தில் கைகள் முளைக்கின்றன. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்து நட்ட இந்தச் சேர்வராயன் மலையில், இரு கைகளே சொத்தாகப் பிழைத்த பெண்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பறித்த பழத்தின் எடைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்குக் கை இல்லையென்றால் என்ன ஆகும் என்பது தெரியும்.

அடுத்த முறை அந்த லயன் பக்கம் போனபோது, பாட்டி திண்ணையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “இது கதைதான், பாத்துக்குங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். கை வந்ததும் ஞானசௌந்தரி முதலில் என்ன செய்தாள் என்று ஒரு சிறுவன் கேட்டான். கும்பிட்டாள் என்பார் என எதிர்பார்த்து நின்றேன். “என்னத்தைச் செய்வா? அழுதுகிட்டிருந்த பிள்ளைங்களைத் தூக்கினா. அப்புறந்தான் கும்பிட்டா” என்றார் பாட்டி.