இசைத்தட்டின் மெல்லிய குரலும் அதைக் காத்த கவசமும்

எமது நாட்டு வானொலியின் கதை ஓர் இசைத்தட்டோடும் கையால் செய்த கருவியோடும் தொடங்கியது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1920களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களை வைத்துத் திணைக்களத்தாரே அந்த ஒலிபரப்பியைச் செய்திருந்தார்கள். 1925 டிசம்பர் 16இல் அது முறையான நிலையமாகத் திறக்கப்பட்டது.

அந்த நாளைய இசைத்தட்டுகள் இன்னும் நம்மில் சிலர் வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் பதிந்து வைக்க இப்போது பலர் ஆசைப்படுகிறார்கள். பதிந்து கேட்டால் பாட்டுக்குப் பின்னால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். தட்டு பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். குற்றம் தட்டில் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆரம்பகால மின் பிளேயர்கள் பலவற்றில் பளிங்கு வகை ஊசித்தலை இருந்தது. அது ஒரு வோல்ட் அளவுக்குச் சமிக்ஞை தரும். விரியலாக்கிக்கு நேரே கொடுக்கலாம். ஆனால் தட்டைக் கடுமையாக அழுத்தித் தேய்க்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நுண்ணிய தவாளிப்புகள் கொண்ட வினைல் எல்பி தட்டை வெளியிட்டது. அதற்கு மென்மையாக நடக்கும் காந்த ஊசித்தலை பொருத்தமாக இருந்தது. அது தருவதோ வெறும் 5 மில்லிவோல்ட் அளவு. நம் வீட்டுச் சுவரில் ஓடும் மின்சாரம் 230 வோல்ட். அதாவது 46,000 மடங்கு! இந்த மெல்லிய குரலைப் பெரிதாக்கத்தான் ப்ரீஅம்ப் என்று நாங்கள் சொல்லும் முன்விரியலாக்கி தேவைப்பட்டது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தாழ்ந்த சுரங்களை அப்படியே வெட்டினால் தவாளிப்பு அகலமாக ஆடிப் பக்கத்துத் தவாளிப்பில் இடித்துவிடும். ஆகவே வெட்டும்போது தாழ்சுரத்தைக் குறைத்தும் உயர்சுரத்தைக் கூட்டியும் வெட்டினார்கள். கேட்கும்போது ப்ரீஅம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்யும். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த நிறுவனங்களை 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்துறைச் சங்கம் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தது. 'ஆர்ஐஏஏ வளைகோடு' என்பது அதுதான். இதன்படி 1000 ஹேர்ட்ஸை விட 50 ஹேர்ட்ஸ் மீடிறன் ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படும். நம் வீட்டு மின்சாரத்தின் மீடிறனும் அதே 50 ஹேர்ட்ஸ். வாசலைத் திறந்து வைத்துக் கள்வனை அழைத்தது போலாகிவிட்டது.

இந்தக் கள்வன் இரண்டு வேடத்தில் வருவான். ஒன்று மின்புலம், மற்றது காந்தப்புலம்.

மின்புலத்துக்கு மருந்து 1836இலேயே கிடைத்துவிட்டது. மைக்கல் ஃபரடே உலோகத் தகடு போர்த்திய ஓர் அறையைச் செய்து, வெளியே எவ்வளவு மின்னேற்றம் கொடுத்தாலும் உள்ளே எதுவும் தெரியவில்லை என்று காட்டினார். புவித்தொடுப்புச் செய்த அலுமினியப் பெட்டி இன்றும் செய்வது அதையே.

ஆனால் நிலைமாற்றியிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய அலுமினியத்தைச் சட்டை செய்யாது. அதற்கான மருந்து கடலுக்கடியிலிருந்து வந்தது. 1923இல் இலண்டனின் தந்திக் கம்பி நிறுவனமொன்றில் ஸ்மித், கார்னெட் என்ற இருவர் கடலடித் தந்தி வேகமாகச் செல்வதற்காக நிக்கல், இரும்பு, செம்பு கலந்த ஓர் உலோகத்தை உருவாக்கினார்கள். பெயர் 'மியூமெற்றல்'. காந்தப்புலத்தைத் தன் உடம்புக்குள் இழுத்து வழிமாற்றிவிடும் குணம் அதற்கு உண்டு. பின்னாளில் ஒலிக்கருவிகளின் நிலைமாற்றிகளுக்கு அதைப் போர்த்தினார்கள். ஒரு குறை: வளைத்தால் அந்தக் குணம் கெட்டுவிடும், மறுபடி சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். வீட்டில் வெட்டி வளைப்பவர்களுக்குச் சரிவராது.

வீட்டில் செய்பவர்களுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1947இல் வில்லியம்சன் என்ற இளம் பொறியியலாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் தன் விரியலாக்கியின் வரைபடத்தை வெளியிட, பல நாடுகளில் வாசகர்கள் மேசையில் வைத்துச் செய்தார்கள். 1949இல் ப்ரீஅம்பையும் எழுதினார். அடுத்து வந்த ஈஎஃப்86 வால்வுக்கு உள்ளேயே கவசம் வைத்தார்கள். அதன் சூடாக்கிக் கம்பியை இரட்டையாகச் சுற்றி அதன் காந்தப்புலத்தை அதனாலேயே அழித்தார்கள்.

அவர்கள் கற்ற பாடங்கள் இன்றைக்கும் காசில்லாமல் கிடைப்பவை:

1. தூரமே முதல் கவசம். நிலைமாற்றியின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏறக் குறையும். இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் எட்டிலொன்று. நிலைமாற்றியை வேறு பெட்டியில் வைத்து, நேரோட்டத்தை மட்டும் வயரில் கொண்டு வாருங்கள்.

2. பெட்டிக்கு பிஸ்கட் டின் போதும். வெள்ளீயம் பூசிய உருக்கு என்பதால் மின்புலத்தை மறிக்கும், காந்தப்புலத்தையும் ஓரளவு குறைக்கும், சோல்டரும் பிடிக்கும்.

3. புவித்தொடுப்பு வயர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரட்டும். இரண்டு வழி இருந்தால் அது வளையமாகி இரைச்சலைத் தானே பிடிக்கும்.

4. உள்ளே வரும் வயர் குறுகியதாகவும் கவசமிட்டதாகவும் இருக்கட்டும்.

'ஸ்ஸ்' என்ற சீறல் வேறு விடயம். 1928இல் பெல் ஆய்வுகூடத்தின் ஜோன்சன், வெப்பத்தால் ஒவ்வொரு தடையியும் தானாகவே சீறுகிறது என்று காட்டினார். அதைக் கவசம் தடுக்காது.

பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இரைச்சல் 50இல் மட்டும் நிற்பதில்லை. 100, 150 ஹேர்ட்ஸிலும் இருக்கும். ஆண்குரலின் அடித்தளமும் அங்கேதான். இரைச்சலை வெட்டினால் நாகூர் ஹனீபாவின் குரலிலும் கொஞ்சம் போய்விடும். முதல் படியிலேயே காப்பதுதான் காப்பு.

ஒரு கவனம்: 78 வேகத் தட்டுகளுக்கு அகலமான ஊசி வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை 1954க்கு முந்திய கணக்கில் வெட்டப்பட்டவை.

தொழினுட்பப் பிரிவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு செயற்றிட்டம். 230 வோல்ட் பக்கத்தை மட்டும் தெரிந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை, அலுமாரியில் இருக்கும் தட்டுகளைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். படுக்கையாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.