பல்லாவரத்துச் சரளைக்குழியும் மாங்காட்டுக் கல்குட்டையும்

தி.நகரில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத் தொடங்கினால், சரளை மண் லாரி வந்து நிற்கும். மேஸ்திரிகள் 'கிராவல்' என்று சொல்லும் அந்தச் சிவப்பு மண்ணைக் கொட்டித்தான் தரையை உயர்த்துவார்கள். பின்னாலேயே ஜல்லி லாரி. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "செங்கல்பட்டுப் பக்கம்" என்பார்கள். சரி, தோண்டிய இடம் பிறகு என்ன ஆகிறது? இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரை ஒட்டியே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஒரு குழி சொன்ன சேதி

1863ஆம் ஆண்டு மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் கண்டோன்மென்ட் அருகே ஒரு சின்னச் சரளைக்குழியில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் அறிவித்தது.

பல்லாவரத்தில் குழி தோண்டியவர்கள் சரளைக்காகத்தான் தோண்டினார்கள். பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் போனதால் வரலாறு கிடைத்தது. அவர் வராமலே மூடப்பட்ட குழிகள் எத்தனையோ!

அதே வட்டாரத்துக் கல்லுக்கும் உலகப் புகழ் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கருநீலப் பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலண்ட் 'சார்னகைட்' என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். சென்னை வளர வளர, சுற்றியிருந்த இந்தக் குன்றுகளை உடைத்துத்தான் ஜல்லியாக்கினோம்.

சட்டத்தில் இருந்த ஓட்டை

1957ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சரளை, கட்டடக்கல், சாதாரண மணல் ஆகியவற்றை 'சிறு கனிமம்' என்று வகைப்படுத்தி, விதி செய்யும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாடு 1959இல் தன் விதிகளைக் கொண்டுவந்தது. குத்தகை, கட்டணம் பற்றிய கவலைதான் அவற்றில் அதிகம். இரும்பு, சுண்ணாம்புக்கல் போன்ற பெரிய கனிமங்களுக்கே சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டம் 2003இல்தான் கட்டாயமானது.

2006இல் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கையும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளை விட்டுவிட்டது. விளைவு, பெரிய குவாரியைச் சின்னச் சின்னதாக உடைத்துக் குத்தகை எடுக்க வழி பிறந்தது. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில், சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2020 ஜனவரியில், தோண்டி முடித்த நிலத்தில் மறுபடியும் புல் வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. ஃபூட் நின்ற குழிக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 150 ஆண்டுகளுக்கு மேல்!

தாகம் வந்தபோது

போரூருக்கும் குன்றத்தூருக்கும் இடையே, மாங்காடு பக்கத்தில் இருக்கிறது சிக்கராயபுரம். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட கல்குவாரிகள் கைவிடப்பட்டு மழைநீர் நிறைந்து கிடந்தன. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் ஏரிகள் வறண்டபோது, குடிநீர் வாரியம் இந்தக் குட்டைகளின் நீரைச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் நகரத்துக்குக் கொடுத்தது. 2019 பஞ்சத்திலும் கல்குட்டைகள் கைகொடுத்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வடித்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். இருந்த ஏரியைத் திட்டம் போட்டு மூடிவிட்டோம். திட்டமே இல்லாமல் உருவான பள்ளத்தில் பிறகு தண்ணீர் குடித்தோம்!

சிக்கராயபுரம் நமக்கு அதிர்ஷ்டம். பாறைக் குழி என்பதால் நீர் நின்றது, யாரும் குப்பையால் நிரப்பாததால் குடிக்க முடிந்தது. எல்லாப் பள்ளங்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. சில குப்பை மேடாகின்றன. சிலவற்றில் கோடை விடுமுறையில் குளிக்கப்போகும் பிள்ளைகள் மூழ்கிச் சாகிறார்கள். சுவர்போல் செங்குத்தாக வெட்டிய பாறையில் பிடித்து ஏற இடமில்லை.

ஒரு குழியின் முடிவு, தோண்டும் முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மேல்மண்ணை முதலில் தனியாக எடுத்து வைத்தால்தான் சரளைக்குழி திரும்பவும் விளைநிலமாகும். அதை விற்றுவிட்டால் அப்புறம் எங்கே போவது? பாறையைப் படிப்படியாக வெட்டினால்தான் பின்னால் அது ஆபத்தில்லாத நீர்த்தேக்கமாகும். எதிர்பார்த்ததைவிட ஆழம் கூடினாலோ, ஊற்று கண்டாலோ, தோண்டும் முறையோடு சேர்த்து மூடும் திட்டத்தையும் திருத்தி எழுத வேண்டும். குத்தகைக்காரர் போன பிறகு எழுதும் திட்டம், ஆள் போன பிறகு எழுதும் உயில் மாதிரிதான்.

எனவே அடுத்த முறை உங்கள் தெருவில் சரளை லாரி வந்து நிற்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மண் வந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?