கடற்பஞ்சுப் புற்றுநோய் மருந்துகள்

கடற்பஞ்சுகளில் கண்டறிந்த வேதிப்பொருள்களின் அமைப்பைப் பின்பற்றி உருவான மருந்துகள். சைட்டரபினும் எரிபுலினும் இவற்றுள் முதன்மையானவை. ஓரிடத்திலேயே ஒட்டி வாழும் பஞ்சு, தன்னைத் தின்ன வரும் மீன்களை நஞ்சால் விலக்குகிறது. பல பஞ்சுகளில் அந்த நஞ்சை ஆக்குவது உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களே.

தமிழகக் கரையின் பஞ்சுகள் வெகுமுன்பே பட்டியலில் ஏறின. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சேகரித்தவற்றை விலங்கியலாளர் ஆர்தர் டெண்டி 1887-இல் விவரித்தார். இலங்கை முத்துக்குளிப்பு ஆய்வில் கிடைத்த பஞ்சுகளைப் பற்றிய அவரது அறிக்கை 1905-இல் வந்தது. அன்று யாரும் அவற்றில் மருந்து தேடவில்லை.

அந்தத் தேடலுக்கு வழி திறந்தவர் வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன். புளோரிடாக் கடலில் எடுத்த பஞ்சொன்றில் வழக்கத்துக்கு மாறான நியூக்ளியோசைடுகளை அவர் கண்டார்; 1950-களின் தொடக்கத்தில் முடிவுகள் வெளியாயின. டி.என்.ஏ.வில் இருக்க வேண்டிய சர்க்கரைக்குப் பதிலாக அவற்றில் அரபினோஸ் இருந்தது. அதே மாதிரியில் 1959-இல் ஆய்வகத்தில் தொகுக்கப்பட்ட சைட்டரபின், 1969-இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுக்கு அனுமதி பெற்றது. செல்லுக்குள் நுழைந்ததும் இது மூன்று பாஸ்பேட்டுகளை ஏற்றுக்கொண்டு, டி.என்.ஏ.யின் இயல்பான கட்டுமானப் பொருள்போல் சங்கிலியில் சேர்கிறது. அதன்பின் சங்கிலி நீள்வது தடைபட்டுச் செல் மடிகிறது. வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜைச் செல்களையும் இது விடுவதில்லை. வெள்ளணுக்கள் சரிவது அதனால்தான். உடலின் நொதி இதை விரைவில் சிதைத்துவிடுவதால், நாள்கணக்கில் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் முதலியார்பேட்டையிலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும் இரத்தப் புற்று நோயாளிக்கும் ஏறக்கூடிய மருந்து இது. அதைப் பெற இன்று ஒரு பஞ்சையும் பறிக்கத் தேவையில்லை.

அடுத்த மருந்துக்குத் தடையாக நின்றது அளவு. ஜப்பானில் ஹிராட்டாவும் உவெமுராவும் 1986-இல் அறிவித்த ஹாலிகாண்ட்ரின் பி, நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் பஞ்சைச் சேகரித்தும் 300 மில்லிகிராம் அளவுக்கே கிடைத்தது. ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு 1992-இல் முழு மூலக்கூறையும் தொகுத்தது. அதன் ஒரு பாதியே செல்லைத் தடுக்கப் போதும் என்று தெரிந்தது. இதுவே இவ்வரலாற்றின் திருப்புமுனை. அந்தப் பாதியிலிருந்து ஐசாய் நிறுவனம் உருவாக்கிய எரிபுலின், 2010-இல் பரவிய மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களின் முனையில் ஒட்டிக்கொண்டு அவை வளரவிடாமல் இது தடுக்கிறது. பிரிய முடியாத செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. மற்றொரு பஞ்சுப் பொருளான டிஸ்கோடெர்மோலைடு இதற்கு நேர்மாறாக, நுண்குழல்கள் கலையாதபடி இறுக்கியது. மனிதச் சோதனையில் நுரையீரல் பாதிப்பு தெரியவே அது கைவிடப்பட்டது.

இந்தியாவிலோ, மண்டபத்திலிருந்த மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தின் பி.ஏ. தாமஸ் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பஞ்சுகளில் 275 இனங்களைப் பதிவு செய்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இயங்குகிறது. இந்தியக் கடற்பஞ்சிலிருந்து இதுவரை மருந்து எதுவும் சந்தைக்கு வரவில்லை. பஞ்சைச் சரியாக இனங்காணாமல் அதன் வேதியியலை மறுபடி சோதிக்க முடியாது. வகைப்பாட்டியலாளர்களை வளர்ப்பதே இங்கு முதலில் செய்ய வேண்டிய செலவு.