பெயின்டில் ஈயம்: இந்திய விதிகளும் தொழில்துறையின் வாதங்களும்

வீட்டுக்குப் பூசும் பெயின்டில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கட்டாய வரம்பு இந்தியாவில் 2016இல்தான் அறிவிக்கப்பட்டது. பத்து லட்சத்தில் 90 பங்கு (90 பிபிஎம்) என்பது அந்த வரம்பு. அதற்கான ஆய்வுகளும் வற்புறுத்தலும் பெங்களூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் எழுந்தவை.

ஈயம் பெயின்டுக்குள் வந்தது கவனக்குறைவால் அல்ல. குரோம் மஞ்சளின் பளிச்சிடும் நிறம் லெட் குரோமேட்டால் ஆனது. இரும்பைத் துருவிலிருந்து காக்க ரெட் லெட் பயன்பட்டது. எண்ணெய் சார்ந்த எனாமல் சீக்கிரம் காய ஈய உப்புகள் சேர்க்கப்பட்டன. மூன்றும் மலிவானவை. வெள்ளைச் சுவரைவிட மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் பூசிய ஜன்னல் கம்பிகளில் ஈயம் அதிகம் இருந்ததற்கு இதுவே காரணம்.

கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் என்ற நிறமியைப் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்கவில்லை. அப்போது இங்கே பெயின்ட் தொழில் இளமையானது. ஷாலிமார் நிறுவனம் 1902இல் ஹவுராவில் தொடங்கியது. மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937இல் அரக்கு, பெயின்ட் ஆலை ஒன்றை நிறுவினார். அடுத்த அறுபதாண்டுகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தக் குறிப்பிடத்தக்க ஒரே முயற்சி, சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு முத்திரை தரும் 1991இன் ஈகோமார்க் திட்டம். பெயின்டும் அதில் அடங்கியது. ஆனால் அது விரும்பியவர் பெறும் முத்திரை, பெற்றவர்கள் மிகச் சிலரே.

பெங்களூரு ஆய்வுகள் (1997-2000): இந்திய ராணுவத்தில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் தொழில் நடத்தியவர் ஆபிரகாம் ஜார்ஜ். அவர் பெங்களூரில் நிறுவிய ஜார்ஜ் அறக்கட்டளை, 1990களின் இறுதியில் பெங்களூரு, சென்னை, மும்பை உள்ளிட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்தது. பரிசோதிக்கப்பட்ட 12 வயதுக்குட்பட்ட நகரக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அன்றைய கவலை எல்லை அதுதான். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பின்னர் தன் அளவுகோலை 2012இல் 5 ஆகவும் 2021இல் 3.5 ஆகவும் குறைத்தது. அதை வைத்துப் பார்த்தால் அன்றைய விகிதம் இன்னும் கூடும்.

1999 பிப்ரவரியில் ஈய நச்சு பற்றிய சர்வதேச மாநாடு பெங்களூரில் கூடியது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் தேசிய ஈய நச்சு ஆலோசனை மையத்தை நடத்தினார். பிறகு பல்லாண்டுகள் பேட்டரிப் பட்டறை, கண்மை, நாட்டு மருந்து, பெயின்ட் என்று ஈயம் வரும் வழிகளையெல்லாம் அவர் பின்தொடர்ந்தார். ரத்தத்தில் இருந்த ஈயத்துக்குப் பெயின்ட் எவ்வளவு காரணம் என்பது அப்போது தெளிவாகவில்லை. பெட்ரோல்தான் முதன்மையான காரணம் என்று பலர் கருதினர். 2000 பிப்ரவரியில் ஈயமற்ற பெட்ரோல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிறகே பெயின்ட் தனியாகக் கண்ணில் பட்டது.

டெல்லியின் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2007 முதல் கடைச் சரக்கை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் சட்டத்துக்கு முன்பே ஈயத்தைக் கைவிடத் தொடங்கின. மூன்றில் ஒரு பங்கு எனப் பொதுவாகக் கணக்கிடப்படும் அமைப்புசாராச் சந்தைக்கு அது எளிதாக இல்லை: ஈயமில்லா மஞ்சள் நிறமிக்கு விலை அதிகம், பரிசோதனைக்கூடச் செலவு வேறு. பெரிய நிறுவனங்கள் வரம்பை வரவேற்றது உடல்நல அக்கறையாலா, சிறு போட்டியாளரை ஒதுக்கவா என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் பதில்கள் உண்டு. வரம்பே கூடாது என்பதைவிட, அவகாசம் வேண்டும் என்பதே உற்பத்தியாளர் பக்கத்தில் வலுவான வாதமாக இருந்தது எனலாம்.

2016 நவம்பர் 1ஆம் தேதி அறிவித்த விதிகள் அந்த அவகாசத்தைத் தந்தன. தடை ஓராண்டு கழித்தே நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2013 முதலே வரம்பு இருந்தது. டப்பாவின் மேல் ஈய அளவை அச்சிட வேண்டும் என்பதும் இந்திய விதி. ஆனால் டப்பாவைத் திறக்கும் பெயின்டர் முதலில் தேடுவது உள்ளே நிறுவனம் போட்டிருக்கும் பரிசு டோக்கனைத்தான். தொழிற்சாலைகளுக்கான பெயின்டுகள் இவ்விதிக்கு வெளியே நிற்கின்றன. பெங்களூரில் குயவர்கள் வாழும் பாட்டரி டவுனில் தயாராகும் விநாயகர் சிலைகளின் சாயம் வேறு கதை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விசர்ஜனத்தையொட்டி ஏரி நீரைப் பரிசோதிக்கிறது. சில்லறையாக விற்கும் சாயத்தை யார் கண்காணிப்பது?

பொதி விதிகள்: ஈயம் தவிர, பெயின்ட் தொழிலைத் தொடும் வேறு விதிகளும் உண்டு. பெயின்டை எந்தெந்த அளவுகளில் அடைக்கலாம் என்பதை எடையளவுச் சட்டத்தின் பட்டியல் நெடுங்காலம் நிர்ணயித்தது, 2022இல் அப்பட்டியல் நீக்கப்பட்டது. கடையில் நிறம் கலக்க உதவும் ‘பேஸ்’ டப்பாக்கள் 900 மில்லி, 3.6 லிட்டர் என விற்பது, சாயம் ஊற்ற இடம் விடுவதற்காக. 2022 பிப்ரவரியில் வந்த பிளாஸ்டிக் கழிவு வழிகாட்டுதல்களால் பக்கெட்டுகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு பெயின்ட் நிறுவனங்களிடம் வந்தது. காலி பக்கெட் கட்டடத் தளத்தில் தண்ணீர் சுமக்கப் போய்விடுவதால் அதைத் திரட்டுவது எளிதல்ல. கடினப் பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26இல் 30 சதவீதமும், 2028-29இல் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். 2020இல் வரைவாக வெளிவந்த வேதிப்பொருள் மேலாண்மை விதிகள் பற்றியும் உற்பத்தியாளர்கள் பேசிவருகின்றனர்.