பிறர் இருக்கையில் அமர்ந்தவர்கள்

‘ஆக்டிங் டிரைவர்’ என்னும் சொல்லை அறியாத தமிழர் அரியர். லாரி ஓட்டுநர் காய்ச்சலில் படுத்துவிட்டால், உரிமையாளர் நாட்கூலிக்கு அமர்த்திக்கொள்ளும் மாற்று ஓட்டுநருக்கு அது பெயர். ஆலங்குளத்துச் சிமெண்ட்டையும் சிவகாசிப் பட்டாசையும் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பகுதி மக்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. நடிப்புக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை; மேலதிகாரி விடுப்பில் செல்லும்போது அவர் நாற்காலியில் தற்காலிகமாக அமர்பவரை அலுவலகங்களில் அவ்வாறு அழைத்த வழக்கம் லாரிப்பேட்டை வரை வந்து சேர்ந்திருக்கிறது. வண்டி இன்னொருவருடையது, அதன் போக்கும் இன்னொருவர் கைக்குப் பழகியது, ஏதேனும் நேர்ந்தால் பழி மட்டும் ஏறி அமர்ந்தவருக்கு.

மிக விரைவான ஊர்திகள் ஓடும் ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் இத்தகையோர் உண்டு. வீரர் ஒருவர் காயமுற்று வீழ்ந்ததும், சில சமயம் மறுநாளே, அவருடைய காரில் வேறொருவர் ஏறி அமர்கிறார். வென்றவர்களைப் பற்றி நூல்கள் பல உள்ளன. பதிலுக்கு ஓட்டியவர்களோ பட்டியலின் அடிக்குறிப்பில் சிற்றெழுத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குரிய கணக்கைச் சற்றே நேர்செய்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவ்வேலையின் கடினத்தை உணர வேண்டும். பந்தயக் காரின் இருக்கை கடையில் வாங்கப்படுவதன்று. வீரரை உட்காரவைத்து, அவர் உடலைச் சுற்றி நுரைக்கலவையை ஊற்றி, அது இறுகியபின் அந்த அச்சில் வார்த்தெடுக்கப்படுவது. இடுப்பின் அகலம், தோளின் சாய்வு, முதுகின் வளைவு அனைத்தும் அதில் பதிந்திருக்கும். மிதிகளின் தொலைவும் அவர் காலுக்கே அளவெடுத்தது. வளைவுகளில் தலையைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்கக் கழுத்துத் தசைகள் மாதக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். பதிலாளுக்கு இவற்றில் பலவும் வாய்ப்பதில்லை. ஆயினும் பசுங்கொடி அசைந்தபின், “இவர் நேற்றுத்தான் வந்தவர்” என்று கடிகாரம் சலுகை தருவதில்லை.

1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஆஸ்திரிய வீரர் நிக்கி லவுடாவின் ஃபெராரி கார் தீப்பற்றியது. பின்னால் வந்த சக வீரர்கள் தம் கார்களை நிறுத்தி ஓடிவந்து அவரை வெளியே இழுத்தனர். முகம் வெந்தது, நச்சுப்புகை நுரையீரலைத் தாக்கியது. மருத்துவமனையில் பிழைப்பாரோ மாட்டாரோ என்றிருந்த நிலையில் குருவானவர் ஒருவர் அழைக்கப்பட்டு, நம் முன்னோர் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றும் நாம் இன்று ‘நோயில்பூசுதல்’ என்றும் வழங்கும் அருட்சாதனம் அளிக்கப்பட்டது. ஆறுதலாக ஒரு சொல்லும் கேளாமையால் தமக்குச் சினமே மூண்டதென்று லவுடா பின்னாளில் கூறியிருக்கிறார். நோயாளர் படுக்கையருகே செல்லும் என்போன்ற குருக்கள் இதனை எளிதில் கடந்துபோக முடியாது.

அவர் பிழைத்தார். அதற்குள் ஃபெராரி நிறுவனம் அர்ஜென்டினா வீரர் கார்லோஸ் ராய்ட்டமானை அமர்த்திவிட்டது. நிறுவனத்தின் கண்ணோட்டத்தில் அது முன்னெச்சரிக்கை. படுக்கையில் கிடந்தவருக்கோ தீர்ப்பு. தம்மைத் தாங்குவதற்கு மாறாகத் தம்மேல் இன்னும் சுமை ஏற்றினார்கள் என்றே லவுடா அதனைக் கண்டார். விபத்து நடந்த 42ஆம் நாள், செப்டம்பர் 12 அன்று, ஆறாத புண்களில் கட்டுகளோடு இத்தாலியின் மொன்சா தடத்தில் காரேறினார். பதிலுக்கு வந்தவரை அனுப்பிவிட இயலாமையால் அன்று ஃபெராரி மூன்று கார்களை ஓட்டியது. லவுடா நான்காம் இடம் பெற, ராய்ட்டமான் ஒன்பதாம் இடம் பெற்றார். அவ்வாண்டின் பட்டம் ஒரே புள்ளியில், 69க்கு 68 என, ஜேம்ஸ் ஹண்ட்டுக்குப் போயிற்று.

லவுடாவின் மனத்திண்மையை உலகம் இன்றும் போற்றுகிறது, போற்றத்தக்கதே. ராய்ட்டமானை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? எரிந்து மீண்ட ஒருவரின் அருகே, “உன் இடத்துக்கு வந்தவன் நான்” என்று நிற்க நேர்ந்த மனிதர் அவர். மறு ஆண்டு அதே அணியில் லவுடாவுக்குத் துணைவீரராக இருந்தார். இருவருக்குமிடையே நட்பு மலரவில்லை. பின்னாளில் அரசியலில் புகுந்து தம் சொந்த மாநிலமான சாந்தா ஃபேயின் ஆளுநரானார்.

1982இல் ஃபெராரிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. மே மாதம் ஜில் வில்நேவ் பெல்ஜியத்தின் சோல்டர் தடத்தில் உயிரிழந்தார். அவர் இடத்துக்குப் பத்ரிக் தாம்பே என்னும் பிரெஞ்சு வீரர் வந்தார். ஆகஸ்ட் 7ஆம் நாள், பட்டத்தை நோக்கி முன்னணியில் இருந்த திதியே பிரோனியும் ஹாக்கன்ஹைம் தடத்தில் மழையில் மோதிக் கால்கள் நொறுங்கிப்போனார். மறுநாள் அதே தடத்தில் தாம்பே தனியொருவராகக் காரோட்டி வென்றார்! பிரோனியின் இடத்துக்கு மொன்சாவில் வந்தவர் 42 வயதான மாரியோ ஆண்ட்ரெட்டி. அவர் தகுதிச்சுற்றில் முதலிடமும் பந்தயத்தில் மூன்றாமிடமும் பெற்றார்.

அவ்வாண்டு வீரர் பட்டம் வேறிடம் சென்றது. அணிகளுக்கான பட்டமோ ஃபெராரிக்கே வந்தது. ஃபெராரிக்குப் புள்ளிகள் 74. அடுத்து வந்த மெக்லாரனுக்கு 69. தாம்பே மட்டும் ஈட்டியவை 25. பதிலாளர்களை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் பட்டம் இல்லை. சிற்றெழுத்தில் உள்ள பெயர்கள் கூட்டுத்தொகையில் பேரெழுத்தாய் நிற்கின்றன.

எல்லாப் பதிலாளர்க்கும் இப்பெருமை வாய்க்கவில்லை. 1988இல் நைஜல் மான்செலுக்கு ‘அம்மை போட்டிருந்தது’. நம் ஊரானால் வாசலில் வேப்பிலை கட்டியிருப்பார்கள். மொன்சாவில் அவருடைய வில்லியம்ஸ் காரை ஓட்ட வந்தவர் ஜான் லூயி ஷ்லெசர். மறுநாள் அவருக்கு நாற்பதாம் பிறந்தநாள். பந்தயம் முடிய இரண்டே சுற்றுகள் இருக்கையில், முதலிடத்தில் வந்த அயர்ட்டன் சென்னா அவரைத் தாண்ட முயன்றபோது இரு கார்களும் மோதின, சென்னா வெளியேறினார். அவ்வாண்டின் 16 பந்தயங்களில் மெக்லாரன் அணி வெல்லாத ஒன்றே ஒன்று அதுவாயிற்று. வென்றதோ, நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்து ஒரு மாதமும் நிறையாத ஃபெராரி அணி. ஷ்லெசர் பின்னர் டக்கார் பாலைவனப் பந்தயத்தில் இருமுறை வென்றவர். ஆயினும் ஃபார்முலா ஒன் வரலாற்றில் அந்த ஒரு மோதலே அவர் முகவரி.

1999ஆம் ஆண்டுக்கு வருவோம். பின்லாந்து வீரர் மிக்கா சாலோவுக்கு அவ்வாண்டு எந்த அணியிலும் நிலையான இடமில்லை. முதலில் காயமுற்ற ரிக்கார்டோ ஸோண்டாவுக்குப் பதிலாக மூன்று பந்தயங்கள் ஓட்டினார். ஜூலை 11 அன்று சில்வர்ஸ்டோனில் மைக்கேல் ஷூமாக்கர் கால் முறிந்து விழவே, ஃபெராரி அவரை அழைத்தது. ஒரே ஆண்டில் காயமுற்ற இருவருக்குப் பதிலாள்! இரண்டாவது பந்தயத்திலேயே, ஆகஸ்ட் 1 அன்று ஹாக்கன்ஹைமில், முன்னே சென்ற ஹக்கினென் பின்தங்க, சாலோ முதலிடத்துக்கு வந்துவிட்டார். ஃபார்முலா ஒன்னில் ஒரு பந்தயமும் வென்றிராதவர், முன்னே யாருமில்லை. ஆனால் பட்டத்துக்குப் போட்டியிட்டவர் பின்னால் வந்துகொண்டிருந்த அணித்தோழர் எடி இர்வைன். சாலோ விலகி வழிவிட்டார், இரண்டாவதாக முடித்தார். இர்வைன் தாம் பெற்ற கோப்பையைச் சாலோவிடமே கொடுத்துவிட்டார். சாலோ அதன்பின்னும் எந்த ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் வென்றாரில்லை.

இதனைத் தியாகம் என்று பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த கடமை என்றும் சொல்லலாம். ஆனால் கடமையைச் செய்யும் நொடியில் தம் வாழ்வின் ஒரே வாய்ப்பைக் கையிலிருந்து நழுவவிடுகிறோம் என அறிந்தே செய்தார் என்பதை மறுக்க இயலாது. அக்டோபர் 17 அன்று, நம் தமிழர் பெருந்தொகையாய் வாழும் மலேசியாவின் செப்பாங் தடத்தில் ஷூமாக்கர் மீண்டு வந்தார். அவரும் அன்று முதலிடத்தை இர்வைனுக்கு விட்டுக்கொடுத்தார். பதிலாள் செய்ததையே உரியவரும் செய்ய வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பின்னும் இர்வைன் 2 புள்ளிகளில் பட்டத்தை இழந்தார். ஆனால் அணிப் பட்டம் 16 ஆண்டுகளுக்குப் பின் ஃபெராரியை அடைந்தது: 128க்கு 124. சாலோ சேர்த்தவை 10 புள்ளிகள். மீண்டும் அதே கணக்கு.

அப்பட்டத்தின் ஒளி விழாத ஓர் ஓரமும் உண்டு. ஷூமாக்கரின் இடம் தமக்கு வருமென எதிர்பார்த்திருக்கக்கூடியவர் ஃபெராரியின் சோதனை ஓட்டுநர் லூக்கா பதோயர். அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நூர்பர்க்ரிங்கில், மினார்டி என்னும் எளிய அணியின் காரில் நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கியர்ப்பெட்டி பழுதாக, காரருகே மண்டியிட்டு அழுதார். அவருக்கு வாய்ப்பு வரப் பத்தாண்டுகள் ஆயின.

2009 ஜூலை 25 அன்று ஹங்கேரியில், முன்னே சென்ற பாரிக்கெல்லோவின் காரிலிருந்து கழன்ற ஒரு சுருள்வில் பின்னால் வந்த ஃபெலிப்பே மாசாவின் தலைக்கவசத்தைத் தாக்கி மண்டையோட்டை முறித்தது. ஷூமாக்கரே ஓய்விலிருந்து வருவார் என்றார்கள். கழுத்துக் காயம் அவரைத் தடுத்தது. அழைப்பு பதோயருக்கு வந்தது. அவ்வாண்டிலிருந்து பருவத்தின் நடுவே சோதனை ஓட்டம் தடைசெய்யப்பட்டிருந்தமையால், சோதனை ஓட்டுநருக்கே அக்காரில் பழக வழியில்லை. இரு பந்தயங்களிலும் கடைசியில் நின்று தொடங்கினார். செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. பத்தாண்டுகள் பந்தயம் ஓட்டாத 38 வயதினரை அவ்வாறு நிறுத்தியவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்தலே.

அடுத்து ஃபெராரி நாடியது நம் நாட்டுப் பெயர் தாங்கிய ஓர் அணியை. விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா 2008இல் தொடங்கி ஒரு புள்ளியும் பெறாமல் இருந்தது. 2009 ஆகஸ்ட் 30 அன்று பெல்ஜியத்தில் அதன் இத்தாலிய வீரர் ஃபிசிக்கெல்லா முதலிடத்திலிருந்து தொடங்கி, ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். நான்கே நாளில் மாசாவின் இடத்துக்கு அழைக்கப்பட்டார். இத்தாலியச் சிறுவர் எவரும் கனவு காணும் செந்நிறக் கார், எவ்வாறு மறுப்பார்? ஐந்து பந்தயங்களில் ஒரு புள்ளியும் கிட்டவில்லை. அவர் விட்டுவந்த அணியோ அடுத்த பந்தயத்திலேயே நான்காமிடம் பெற்றது. அத்துடன் அவருடைய ஃபார்முலா ஒன் பந்தய வாழ்வு நிறைவுற்றது. அவர் விட்ட இடத்துக்கு லியூஸி வந்தார். ஒரு வில் கழன்றதில் எத்தனை இருக்கைகள் கைமாறின, பாருங்கள்.

இச்சங்கிலி தமிழகத்தையும் தொடுகிறது. சென்னையருகே சோழவரத்தின் பழைய விமானத் தளத்திலும், பின்னர் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்ப்பந்தயம் வளர்த்த மண் நம்முடையது. சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். 2011இல் ஹிஸ்பானியா அணியில் இருந்த அவரை ஆண்டின் நடுவில் இறக்கிவிட்டு, டேனியல் ரிக்கார்டோவை ஏற்றினார்கள். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது, அதே லியூஸி இறங்க, கார்த்திகேயன் அவர் இருக்கையில் அமர்ந்தார். காயத்தால் அன்று, ஏற்பாட்டால். பின்வரிசைக் காரில் 17ஆம் இடம். தம் இடத்தைப் பெற்றிருந்த ரிக்கார்டோ 18ஆம் இடம்.

சென்னையின் மற்றொரு மைந்தர் கருண் சந்தோக் அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் யார்னோ ட்ரூல்லிக்குப் பதிலாக லோட்டஸ் காரை ஓட்டி, முடித்தவர்களில் கடைசியாக வந்தார். தாய்நாட்டுப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்டுமே. ஞாயிறன்று தம் நாட்டு மக்கள் ஆரவாரித்தபோது அவர் காரில் இல்லை.

ரிக்கார்டோவின் கதையும் சுழன்று வந்தது. 2023 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் அவர் கை முறிந்தது. நியூசிலாந்து இளைஞர் லியாம் லாசன் ஐந்து பந்தயங்கள் ஓட்டினார். சிங்கப்பூரில் ஒன்பதாமிடம் பெற்றார். 2024இல் அவ்விருக்கை நிலையாகவே லாசனுக்குப் போனது. 2025இல் மேலான அணிக்கு உயர்த்தப்பட்ட லாசனையும் இரண்டே பந்தயங்களில் இறக்கிவிட்டார்கள்.

2024 மார்ச்சில் ஜெத்தாவில் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அழற்சி. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. ஒரே ஒரு பயிற்சிச் சுற்றுக்குப் பின் தகுதிச்சுற்றில் இறங்கினார் 18 வயது ஆலிவர் பேர்மன். பதினொன்றாம் இடத்தில் தொடங்கி ஏழாவதாக முடித்தார். அந்தச் சனிக்கிழமை மாலை, தையல் ஆறாத வயிற்றோடு மெல்ல நடந்து, தம் காரை அச்சிறுவன் ஓட்டுவதைக் காணத் தடத்துக்கே வந்திருந்தார் சைன்ஸ்.